வாளும் தராசும்

பேராதனையிற் பயின்றோர் பெரும்பாலும் அறிந்த சிங்களச் சொல் ஒன்று உண்டு. ‘கடுவ’ என்பது அச்சொல். வாள் என்பது அதன் நேர்ப்பொருள். பல்கலைக்கழக மாணவர் வழக்கில் அது ஆங்கில மொழியைச் சுட்டும். கையில் வாளுடையவன் முன்னே செல்வான். இல்லாதவன் விலகி வழிவிடுவான் என்பது அவ்வழக்கின் உட்கிடை. இப்பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையிற் கற்பித்த பேராசிரியர் திரு கந்தையா, 1984ஆம் ஆண்டு வெளியான கட்டுரையொன்றின் தலைப்பில் இச்சொல்லையே அமைத்து, இலங்கைச் சமூகத்தில் ஆங்கிலம் அதிகாரக் கருவியாகத் தொழிற்படும் வகையை ஆராய்ந்தார்.

ஆங்கிலங் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நான், இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாளைத் தீட்டிக் கொடுத்து வந்தவன். யார் கையிற் கொடுக்கிறோம், அவர் அதனைக்கொண்டு என்ன செய்யப் போகிறார் என்னும் வினாக்கள் என் மனத்தில் அதிகம் எழுந்ததில்லை. பாடத்திட்டம் இருந்தது, பரீட்சை இருந்தது, அவை எனக்குப் போதுமாயிருந்தன. அவ்வினாக்களை என்னுள் எழுப்பியவர்கள் பல்கலைக்கழக மாணவர் அல்லர். கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடையின் மேல்மாடியிற் சனிக்கிழமைப் பிற்பகல்களிற் கூடிய சிறு வியாபாரிகள் சிலரே அவர்கள். அவர்களிடம் நான் கற்றவற்றை ஈண்டு எழுத முற்படுகின்றேன்.

வகுப்புத் தொடங்கியது 2023ஆம் ஆண்டின் முற்பகுதியில். அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளும் கண்டிச் சுற்றாடலின் சிறுதொழில்களுக்கு அடிமேல் அடியாக அமைந்தவை. 2019 ஏப்பிரலில் உயிர்த்த ஞாயிறு தினக் குண்டுவெடிப்புகள். 2020இற் கொரோனாத் தொற்று. 2022 ஏப்பிரலில், வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென நாடே அறிவித்த நிலை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் விலை, மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. தலதா மாளிகையைத் தரிசிக்க வரும் வெளிநாட்டவரை நம்பியிருந்த பிலிமத்தலாவைப் பித்தளை வேலையாளரும், நத்தரம்பொத்தைக் கைவினைஞரும், குண்டசாலையை அடுத்த ஊர்களில் தும்பறைப் பாய் நெய்வோரும் வாங்குவாரின்றித் தவித்தனர். பயணி கடைக்கு வராவிடிற் கடைதான் பயணியிடம் செல்லவேண்டும். அதற்கு அவர்களிடம் எஞ்சியிருந்த வழி கைத்தொலைபேசி ஒன்றே. முகநூலிலும் இன்ஸ்ரகிராமிலும் பொருளின் படத்தை இடலாம். வட்ஸ்அப்பில் விலை பேசலாம். படத்தை எவரும் எடுத்துவிடுவர். படத்தின் கீழ் என்ன எழுதுவது? அவ்விடத்திலேதான் வாள் வேண்டியிருந்தது.

நண்பர் ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க இவ்வகுப்பை நடத்த உடன்பட்டேன். முதல் நாள் 19 பேர் வந்தனர். பித்தளை விளக்கு வார்க்கும் குடும்பத்தைச் சேர்ந்த சிங்கள இளைஞர் ஒருவர். திகன பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் வாசனைத் திரவிய வியாபாரி ஒருவர். ஹந்தானைத் தோட்டப்புறத்திலிருந்து வெட்டுத்துணிகளை இணைத்துப் பைகள் தைக்கும் தமிழ்ப் பெண்ணொருவர். கம்பளையிலிருந்து இனிப்புப் பண்டம் செய்து விற்கும் தாயும் மகளும். இவர்களோடு வேறு பலர். எல்லோருமே பாடசாலையில் எட்டாண்டுகளுக்குக் குறையாமல் ஆங்கிலம் பயின்றவர்கள். எவரும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைத் துணிந்து கூறத் தயாராக இல்லை. 1956இன் அரசகரும மொழிச் சட்டத்தையும், தமிழையும் அரசகரும மொழியாக்கி ஆங்கிலத்தை இணைப்பு மொழியெனக் கூறிய 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தையும் நாம் விரிவுரைகளிற் பேசுகிறோம். அவ்விணைப்பு மொழி எங்ஙனம் எவரையும் இணையாது நிற்கிறதென்பதை அன்றைக்கு அம்மேல்மாடியிற் கண்டேன்.

வாணிப ஆங்கிலம் என்றவுடன் என் நினைவுக்கு வந்தவர் என் தந்தையார். கண்டிக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடையிற் கணக்கெழுதிய அவரே அக்கடைக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களுக்கும் விடை எழுதுவார். மாதிரி வணிகக் கடிதங்கள் அடங்கிய பழைய நூலொன்று அவர் மேசையில் இருந்தது. தங்கள் மேலான மடல் கிடைக்கப்பெற்றோம், தங்கள் கட்டளையை எதிர்நோக்கிப் பணிவுடன் காத்திருக்கிறோம் என்ற பாங்கிலான வாக்கியங்களை அவர் அந்நூலிலிருந்து எடுத்துக் கோத்து அழகிய கையெழுத்தில் எழுதுவார். அவ்வாக்கியங்களை அவர் பேசிக் கேட்டதில்லை. அவை கடிதத்துக்கென்றே பிறந்து கடிதத்திலேயே வாழ்ந்தவை. ஆயினும் அவற்றுக்கு மரியாதை இருந்தது. அம்மரியாதையில் ஒரு பகுதி எங்கள் வீட்டுக்கும் கிடைத்தது.

அந்நினைவின் உந்துதலினாலோ என்னவோ, முதல் இரு வாரங்களும் நான் கடிதவியலையே கற்பித்தேன். விளிப்பு, பொருள், உடல், முடிப்பு எனப் பலகையிற் கட்டங்கள் வரைந்தேன். மூன்றாம் வாரம் 11 பேரே வந்திருந்தனர். அன்று பித்தளைத் தொழிலாள இளைஞர் எழுந்து, தங்களுக்கு எவரும் கடிதம் எழுதுவதில்லையென்று சிங்களத்திற் பணிவாகக் கூறித் தம் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். விளக்கொன்றின் படத்தின் கீழ் வெளிநாட்டவர் ஒருவர் வினாவொன்றை எழுதியிருந்தார்: இது எண்ணெய் ஊற்றி ஏற்றும் விளக்கா, அன்றி அலங்காரத்துக்கு மட்டுமா? அதற்கு இளைஞர் அளித்திருந்த விடை ஒரே சொல்: ‘யெஸ்’. வினவியவர் அதன்பின் எழுதவில்லை.

இரண்டிலொன்றைத் தெரியக் கேட்கும் வினாவுக்கு ‘ஆம்’ என்பது விடையாகாது. இதனை விளக்கப் பாடநூல் எதுவும் வேண்டியதில்லை. இழந்த விலையே விளக்கிவிட்டது. அன்றே கட்டங்களை அழித்தேன். அவர்களது தொலைபேசிகளே அதன்பின் எங்கள் பாடநூல்களாயின.

இதிற் புதுமை ஏதும் இல்லை என்பதை மொழி கற்பித்தலிற் பயிற்சியுடையோர் அறிவர். 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பாடசாலைகளில் என். எஸ். பிரபு நடத்திய பெங்களூர்த் திட்டம் இதனையே சோதித்தது. மாணவனின் கவனம் இலக்கணத்தின் மீதன்றித் தீர்க்கவேண்டிய ஒரு பணியின் மீது நிலைக்கும்போது மொழி உள்ளே படிகின்றது என்பது அவர் கொள்கை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999இல் வெளியிட்ட நூலில், மேலைநாட்டில் ஆக்கப்பெற்ற பாடநூல்களை நம்மவர் தம் தேவைக்கேற்ப வளைத்துக்கொள்ளும் வகைகளை எடுத்துக்காட்டினார். இவையெல்லாம் எனக்குத் தெரிந்தவையே. தேர்வுக்கு எழுதியவை, விரிவுரைகளிற் கூறியவை. ஆனால் ‘யெஸ்’ என்ற அந்த ஒரு சொல்லைக் காணும்வரை அவை என் கைக்கு வந்து சேரவில்லை.

நாங்கள் ஐந்து வினாக்களை வகுத்துக்கொண்டோம். இது என்ன? எதனால், எவரால் ஆனது? அளவு என்ன? விலை என்ன? எப்போது வந்து சேரும்? ஒவ்வொரு படத்தின் கீழும் இவ்வைந்துக்கும் ஐந்து சிறு வாக்கியங்கள். அழகிய, ஒப்பற்ற, உலகிற் சிறந்த என்ற அடைகளுக்கு அனுமதியில்லை. அழகைப் படம் காட்டும். பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் உரிய ஆங்கிலச் சொற்களை மாற்றி எழுதினால், அது எழுத்துப்பிழையன்று, பொய்ச்சரக்கு என்று கூறினேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குவோரை மயக்கும் கூற்றுகளைத் தடைசெய்கின்றது என்பதையும் எடுத்துரைத்தேன். கறுவாவைப் பற்றி ஒரு வாரம் முழுவதும் பேசினோம். நாட்டின் பெயர் 1972இல் மாறிய பின்னரும் ‘சிலோன்’ என்ற பழைய பெயர் தேயிலையிலும் கறுவாவிலும் நிலைத்திருப்பதையும், ‘சிலோன் சினமன்’ என்ற பெயருக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியதையும் அறிந்தபோது, பெயர்ச்சொல் ஒன்றுக்கும் சொத்துரிமை உண்டா என அவர்கள் வியந்தனர்.

கற்பித்தலில் எனக்குப் பெருந்துணை செய்தது தமிழே என்பதையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்புவதாகக் கூற எண்ணியவர்கள் ‘பை’ என்னும் முன்னிடைச்சொல்லுக்குப் பதிலாக ‘அன்டில்’ என்பதை எழுதினர். வெள்ளிக்குள், வெள்ளி வரை என்று தமிழிற் சொல்லிப் பாருங்கள் என்றேன். ‘வெள்ளிக்குள் அனுப்புவேன்’ என்போமேயன்றி ‘வெள்ளி வரை அனுப்புவேன்’ என்னோம். வேறுபாடு ஏற்கெனவே அவர்கள் நாவில் இருந்தது. ஆங்கிலத்துக்கு அதனை மாற்றுவதே எஞ்சியது. அவ்வாறே, ‘அனுப்பலாம்’ என்பதும் ‘அனுப்புவேன்’ என்பதும் ஒன்றல்ல. முன்னது இயல்வதைக் கூறுவது. பின்னது வாக்குக் கொடுப்பது. வியாபாரத்தில் வினைமுற்று ஒன்றே ஒப்பந்தமாகிவிடும். எட்டாண்டுப் பள்ளி ஆங்கிலத்தில் எவரும் இவர்களுக்கு இதனைச் சொல்லவில்லை. தாய்மொழி வகுப்பறைக்குள் வரலாகாது என்ற எங்கள் பிடிவாதமே அதற்குக் காரணம். என்னுடையதும் அதில் அடங்கும்.

இனி, என் தவறொன்றைக் கூறவேண்டும்.

ஹந்தானைத் தோட்டப்புறத்துப் பெண்ணின் பைகள் உண்மையிலேயே நேர்த்தியானவை. தையற்கடைகள் கழித்த துண்டுகளை நிறம் பார்த்து இணைப்பதில் அவருக்கு ஒரு தனிக் கண் இருந்தது. ஆனால் அவர் எழுதிய வாக்கியங்கள் தயங்கித் தயங்கி நின்றன. ஒருநாள் நேரமின்மையால், ‘நானே எழுதித் தருகிறேன்’ என்று அவரது முகநூற் பக்கத்துக்கு முழுப் பந்தியொன்றை எழுதிக்கொடுத்தேன். மலைச்சாரல், மூடுபனி, தலைமுறைகளின் உழைப்பு எல்லாம் அதில் இருந்தன. எனக்கே அது பிடித்திருந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதையும் ஒரு வரியிற் சேர்த்திருந்தேன்.

இரு வாரங்களில் மெல்பேர்னிலிருந்து ஒரு பெண்மணி 40 பைகள் வேண்டுமென எழுதினார். முன்பணம் அனுப்புமுன் நேரிற் பேச விரும்புவதாகக் கூறி, குறித்த நேரத்தில் வட்ஸ்அப்பில் முகங்காண அழைத்தார். நம்மவர் அழைப்பை ஏற்றார். மறுமுனையிலிருந்து முதல் வினா வந்தது. அவர் தொடர்பைத் துண்டித்துவிட்டார். மீண்டும் அழைப்பு வந்தபோது எடுக்கவில்லை. பக்கத்தை எழுதியவரும் பைகளைத் தைப்பவரும் ஒருவர்தாமா என்று கேட்டு அப்பெண்மணி ஒரு குறிப்பை அனுப்பிவிட்டு விலகிக்கொண்டார். அவரிற் குறை காண்பதற்கில்லை. இணையத்தில் ஏமாந்தோர் தொகை பெரிது.

மறு சனிக்கிழமை அப்பெண் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். ஏன் பேசவில்லை என்று கேட்டேன். “அது நான் இல்லீங்க சேர். அதுல எழுதியிருக்கிற ஆளு வேற. அந்த ஆளுகிட்டதான் அவங்க பேச வந்தாங்க. நான் எப்பிடி வாயத் தொறப்பேன்?” என்றார்.

அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. பை அவருடையது; குரல் என்னுடையது. நான் கொடுத்த வாள் அவரையே வெட்டியது. 40 பைகளின் வருமானம் அவர் வீட்டுக்கு எத்தனை மாத அரிசி என்பதை நான் கணக்கிட்டுப் பார்த்தேன்; அக்கணக்கை இங்கு எழுத நாணுகிறேன்.

இன்றோ இத்தவறை இழைக்க ஆசிரியர் ஒருவர் தேவையில்லை. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளியானது முதல், பிழையற்ற ஆங்கிலப் பந்திகளை எழுதும் பொறிகள் எல்லோர் கையிலும் உள்ளன. ‘இனி ஏன் சேர் படிக்கவேண்டும்?’ என்று கம்பளை மகள் கேட்டது நியாயமான கேள்வியே. அப்பொறி எழுதட்டும், எழுதியதை நீங்கள் உங்கள் வாயாற் சொல்லமுடியுமானால் மட்டும் பயன்படுத்துங்கள் என்று கூறினேன். சொல்லமுடியாத வாக்கியம் எத்துணை அழகாயினும் இரவற் சட்டை போன்றது. அதனை வகுப்பின் விதியாகவே ஆக்கிக்கொண்டோம். ஒவ்வொருவரும் தாம் எழுதியதை எழுந்து நின்று சொல்வர். மற்றோர் வாங்குவோராக இருந்து குறுக்குக் கேள்வி கேட்பர். தமிழருக்குச் சிங்களம் குறைவாகவும் சிங்களவருக்குத் தமிழ் அதனினுங் குறைவாகவும் இருந்த அவ்வறையில், விலை பேசி விளையாடும்போது உடைந்த ஆங்கிலமே உண்மையில் இணைப்பு மொழியாயிற்று.

எனினும் ஒருவர் மட்டும் எதிலும் சேராதிருந்தார். அவர் திகன பக்கத்து வாசனைத் திரவிய வியாபாரி. தவறாது வருவார், எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுவார், ஆனால் முகநூற் பக்கம் திறக்க மறுத்துவிட்டார். காரணம் கேட்டபோது மேசை மீதிருந்த தொலைபேசியைச் சுட்டிக்காட்டி, “இதுதான் சேர் எங்கட கடைய எரிச்சது” என்றார்.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணை முதலிய இடங்களில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதைக் கண்டியிலுள்ளோர் மறந்திருக்கமுடியாது. அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. பகைமைச் செய்திகள் பரவுவதைத் தடுப்பதற்கென முகநூல், வட்ஸ்அப், இன்ஸ்ரகிராம் ஆகியன சில நாட்களுக்கு முடக்கப்பட்டன. அவ்வன்முறையிற் தன் தளம் வகித்த பங்குக்கு முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது. ஒரு படம், அதன் கீழ் இரண்டு வரி: நாங்கள் அவ்வறையிற் பயின்றுகொண்டிருந்த அதே வடிவம்தான் அன்றும் பயன்பட்டது. மக்களை விரைந்து ஈர்க்கும் வாக்கியம், பிறரோடு பகிரத் தூண்டும் வாக்கியம் என்று நான் புகழ்ந்து கற்பித்த பண்புகள் யாவும் அவ்வரிகளுக்கும் இருந்தன.

அன்று வகுப்பில் எவரும் நெடுநேரம் பேசவில்லை. பித்தளைத் தொழிலாள இளைஞர் அவருக்கு அருகிலேயே அமர்ந்திருந்தார். பின்பு அவ்விளைஞர், தம் அயலவரான முஸ்லிம் குடும்பமொன்றைத் தம் வீட்டார் அவ்விரவிற் தங்கவைத்ததையும், அச்செயல் எவர் தொலைபேசியிலும் வெளிவரவில்லை என்பதையும் தாழ்ந்த குரலிற் சொன்னார். வியாபாரி தலையசைத்தார். அதற்குமேல் எதுவும் நிகழவில்லை. இவ்வாறான வேளைகளிற் பெரிதாக ஏதோ நிகழ்ந்துவிடுவதாக எழுதுவது எங்கள் எழுத்தாளரின் வழக்கம். எங்கள் வகுப்பில் அடுத்த பாடம் தொடங்கியது.

ஆயினும் ஆறாம் வினாவொன்று எங்கள் பட்டியலிற் சேர்ந்தது அன்றைக்குத்தான். இதனைப் படிப்பவர் வேறு யார்? வாங்குபவர் மட்டுமல்லர், அயலவர், போட்டியாளர், பிற மதத்தவர், பிள்ளைகள் எல்லோரும் படிப்பர். ‘எங்கள் கடையே தூயது’ என்ற வரி பிறர் கடையைப் பற்றி என்ன கூறுகிறது? வாணிப ஆங்கிலப் பாடநூல்கள் எதிலும் நான் இவ்வினாவைக் கண்டதில்லை.

தவணை முடிவில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். முகநூல் வேண்டாம், தமக்குத் தெரிந்த வாடிக்கையாளருக்கு மட்டும் வட்ஸ்அப்பிற் பொருட்பட்டியல் அனுப்புவதாகக் கூறினார். அதன் தலையில் இடுவதற்கு ஒரு வாக்கியம் வேண்டும். பொதிகள் கவனமாக நிறுக்கப்படுகின்றன என்று செயப்பாட்டுவினையில் எழுதிக்கொண்டு வந்தார். இலக்கணம் சரி. யார் நிறுப்பது என்று வகுப்புக் கேட்டது. ‘நான்தான்’ என்றார். அப்படியானால் அதையே எழுதுங்கள் என்றது வகுப்பு. ஆங்கிலத்தில் ஐந்தாறு சொற்களே வந்தன: ஒவ்வொரு பொதியையும் நானே நிறுக்கிறேன். அவர் அதனை இருமுறை சொல்லிப் பார்த்தார். யாரேனும் அழைத்துக் கேட்டாலும் தம்மாற் சொல்லமுடியும் என்றார்.

இம்முயற்சியின் பலனை மிகைப்படுத்த விரும்பவில்லை. இறுதிவரை வந்த 11 பேரில் நால்வரே இணையவழியில் ஒழுங்காக விற்கின்றனர். சிலருக்குப் பொதி அனுப்பும் செலவே இலாபத்தை விழுங்கிற்று. தையற்பெண் என் பந்தியை நீக்கிவிட்டுத் தாமே மூன்று வரிகள் எழுதினார். அவற்றில் இரண்டு பிழைகள் இருந்தன. விலையிலும் தேதியிலும் அளவிலும் பிழையிருந்தால் உடனே திருத்துவேன். ஏனையவற்றைக் கேட்டால் திருத்துவேன் என்பது இப்போது என் வழக்கம். அவர் ஒரு மாதம் கழித்துக் கேட்டார், திருத்தினோம். இவ்வாண்டு கொழும்பிலிருந்து ஒருவர் 12 பைகளுக்குத் தொலைபேசியில் ஆங்கிலத்திற் பேசியபோது, அவரே பேசி முடித்தார்.

பல்கலைக்கழகத்தில் என் வகுப்புகள் வழமைபோல நடைபெறுகின்றன. பாடத்திட்டம் உண்டு, பரீட்சை உண்டு. ஆனால் விடைத்தாளில் நேர்த்தியான பந்தியொன்றைக் கண்டால், எழுதிய மாணவரை அழைத்து அதனைத் தம் சொற்களிற் கூறுமாறு கேட்கிறேன். சிலர் கூறுகின்றனர், சிலர் பின்வரிசையை நாடுகின்றனர். பின்வரிசைக்குச் செல்வோரிடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கவேண்டும் என்பதைக் கட்டுகஸ்தோட்டை மேல்மாடி எனக்குக் கற்பித்தது. சனிக்கிழமை வகுப்பின் அடுத்த தவணைக்கு இதுவரை 14 பேர் பெயர் கொடுத்துள்ளனர். ஆங்கிலத்தோடு சிங்களமோ தமிழோ நன்கறிந்த மாணவர் இருவர் துணைக்கு வந்தால் நன்றாயிருக்கும்.